சீர்த்தட்டில் வந்த சிப்பு

விராலிமலையைத் தாண்டி ஒரு மேடு இருக்கு. அந்த மேட்டு ஓரத்துல என் தம்பி அந்தோணியோட லாரி செத்துப்போய் நின்னுச்சு.

செத்துப்போய்னு சும்மா சொல்லலை. எஞ்சினுக்கு அடியில எண்ணெய் ஒழுகி ரோடே கறுத்துக் கிடந்துச்சு. கிட்டப் போனா, அடுப்புல வச்சு மறந்துபோன இரும்புச் சட்டி வாடை. ஏத்தியிருந்த தைலமரக் கட்டையை எல்லாம் வேற வண்டிக்கு மாத்தி பேப்பர் மில்லுக்கு அனுப்பிட்டாங்க. காலி வண்டியும் என் தம்பியும்தான் மிச்சம்.

நான் மில்லுல லோடு எறக்கிட்டுக் காலியா திரும்பி வந்துக்கிட்டு இருந்தேன். போன் அடிச்சது. ஓரங்கட்டிட்டு எடுத்தா, தம்பி பொண்டாட்டி ரீட்டா. "மதினி, அவுக ஒங்களைக் கூப்பிட மாட்டாக. வண்டி நடுரோட்டுல கெடந்தாலும் கூப்பிட மாட்டாக. அதான் நான் கூப்பிடுறேன்"னு அழுதா.

என் வண்டியை அவன் வண்டிக்கு முன்னால கொண்டுபோய் நிறுத்தி எறங்கினேன். இலுப்பூர்லேர்ந்து வந்த மெக்கானிக் ஒருத்தர் அடியில படுத்து பிரேக்கை விடுவிச்சுக்கிட்டு இருந்தார். எஞ்சின் ஓடாத லாரிக்குக் காத்து ஏறாது. காத்து இல்லாட்டி பிரேக் பிடிச்ச பிடியை விடாது. ரெண்டு வண்டிக்கும் நடுவுல மாட்ட நீளமா ஒரு இரும்புக் கம்பி கொண்டாந்திருந்தார்.

கம்பியோட ஒரு முனையை நான் தூக்கினேன். மறுமுனையைத் தம்பி தூக்கினான். அவன் என் மூஞ்சியைப் பாக்கலை. கம்பியைப் பாத்தான், மெக்கானிக்கைப் பாத்தான், ரோட்டுல போற ஆட்டைப் பாத்தான். என்னைத் தவிர எல்லாத்தையும் பாத்தான்.

"அண்ணே, புதுக்கோட்டை ஊருக்குள்ள இழுத்துட்டுப் போக வேணாம். சுத்து ரோட்டுலயே ஒர்க்ஷாப்புக்குப் போகச் சொல்லுங்க." இதை மெக்கானிக்கிட்டச் சொல்றான். கம்பிக்கு இந்த முனையில நான் நிக்கிறேன்!

"சரின்னு சொல்லுங்கண்ணே"ன்னு நானும் மெக்கானிக்கிட்டயே சொன்னேன். பாவம், அந்த மனுசன் இங்கிட்டும் அங்கிட்டும் திரும்பித் திரும்பிப் பாத்தார்.

எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை நின்னு ஒரு கிறிஸ்துமஸும் ஒரு ஈஸ்டரும் போயிருச்சு. காரணம் ஒரு பெட்டி. உள்ளங்கையில அடங்குற பெட்டி.

பொம்பளை ஓட்டுற வண்டி

போன வாரம் நான் ஹெவி லைசென்ஸ் எடுத்த கதையைப் படிச்சிட்டு, "இவ்வளவு தைரியம் எங்கேர்ந்து வந்துச்சு?"ன்னு நெறைய பேர் கேட்டிருக்கீங்க. தைரியமாவது மண்ணாவது. என் வீட்டுக்காரர் சவரிமுத்துக்குச் சக்கரை நோயில கண்ணு மங்கிப்போச்சு. வீட்டுல ஒரே ஒரு லாரி. ஓட்ட ஆள் வேணும். நான் இருந்தேன், ஓட்டினேன். அவர் பக்கத்து சீட்டுல உக்காந்து வருவார்.

எங்க தொழில்ல ஒரு வழக்கம். மில்லு வாசலுக்கு யார் முந்தி வாராங்களோ அவங்களுக்கு முதல் டோக்கன். சாயங்காலம் கேட்டை மூடுறதுக்குள்ள டோக்கன் வாங்கிட்டா அன்னைக்கே லோடு எறங்கும். இல்லாட்டி மறுநாள் வரைக்கும் வாசல்லயே கெடக்கணும். அதனால எல்லாரும் பறப்பாங்க. நான் பறக்க மாட்டேன். கட்டை லோடு ஆடுற லோடு. மேட்டுல எஞ்சின் என்ன தருதோ அதை வாங்கிக்கிட்டுத்தான் ஏறுவேன்.

இன்னொண்ணும் உண்டு. லோடு இழுத்துட்டு வந்து நின்னதும் டப்புனு எஞ்சினை அணைக்க மாட்டோம். எஞ்சினுக்குக் காத்தை ஊதித் தள்ளுற டர்போ கொதிச்சுப் போய் இருக்கும், அது ஆறணும். என் வீட்டுக்காரர் செபமாலையில பத்து மணி உருட்டி முடிக்கிற வரைக்கும் எஞ்சின் சும்மா ஓடும். "ஆமென்"னு சொல்லுவார், நான் அணைப்பேன். எங்க வண்டியில கடிகாரம் அதுதான்.

இதுக்கு வாசல்ல ஒரே கேலி. "லூர்துக்கா, வழியெல்லாம் செபமாலைதானா? அதான் தேர் மாதிரி அசைஞ்சு அசைஞ்சு வாரீங்களா?"ன்னு கேப்பாங்க.

"ஆமாடா, ஒனக்கும் சேத்துத்தான் சொல்றேன். நீ போற போக்குக்கு அது தேவைப்படும்"னு நானும் விட மாட்டேன். வாய்தான் எனக்குக் கடவுள் கொடுத்த ஆஸ்தி.

ஆனா என் தம்பிக்குத் தாங்கலை. அவனுக்கும் என்னுதை மாதிரியே ஒரு லாரி. ரெண்டையும் ஒண்ணா எடுத்தோம். அக்காவைக் கேலி பண்றாங்களேன்னு ஒருநாள் மில்லு வாசல்ல ஒருத்தன் சட்டையையே பிடிச்சுட்டான். எனக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. பொறந்த வீடுன்னா எனக்கு அவன் ஒருத்தன்தான். இதை இங்கேயே சொல்லி வச்சிடுறேன், அப்பத்தான் மிச்சக் கதை ஒங்களுக்குப் புரியும்.

கடைசித் தட்டு

என் சின்னப் பொண்ணு செலினுக்குப் புதுநன்மை, முதல் தடவையா நற்கருணை வாங்குற விசேஷம். ஆவூர்க் கோயில்ல பூசை முடிஞ்சு வீட்டு வாசல்ல பந்தல். தாய்மாமன் சீர் மேளத்தோட வருது. முதல் தட்டுல தேங்காய் பழம். அடுத்ததுல வெள்ளைக் கவுன். அப்புறம் பூமுடி, மெழுகுதிரி. கடைசித் தட்டை ரீட்டா தூக்கிட்டு வாரா. வெத்தலை மேல கறுப்பா ஒரு பெட்டி, ரெண்டு பக்கமும் ஒயர் தொங்குது. அதுக்கு மல்லிகைச் சரம் வேற சுத்தியிருக்கு!

"என்னடா தம்பி, பெருச்சாளியைப் பிடிச்சுக் கொண்டாந்திருக்க?"ன்னேன்.

அவன் சபையைப் பாத்துத் திரும்பி நின்னான். "மருமகளுக்குக் கவுனு. எங்க அக்காவுக்கு வேகம்! வண்டிக்கு மாட்டுற சிப்பு இது. இனிமே மில்லு வாசலுக்கு எவன் முந்துறான்னு பாப்போம்!"

சபையே கை தட்டுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. தம்பி இருக்கான்டீன்னு உள்ளுக்குள்ள ஒரு பெருமை. சாப்பாட்டுக்கு வந்திருந்த சாமியார் வரிசையா எல்லாத் தட்டையும் மந்திரிச்சார். தீர்த்தம் தெளிச்சதுல பெட்டியும் நனைஞ்சுருச்சு. நான் முந்தானையால தொடச்சு வச்சேன்.

சீர்னு வந்ததை வேணாம்னு சொல்ல முடியுமா? எங்க பக்கம் சீரைத் திருப்பினா, பொறந்த வீட்டையே வேணாம்னு சொன்னதா அர்த்தம். கடையில போய் நானா வாங்கியிருந்தா நாலு பேர்கிட்டக் கேட்டிருப்பேன், யோசிச்சிருப்பேன். தட்டுல வந்ததால ஒரு கேள்வி இல்லாம வண்டியில ஏறிருச்சு.

மூளைக்குச் சொல்ற பொய்

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். இப்ப வாரதெல்லாம் சென்சார் வண்டி. டீசல் எவ்வளவு அழுத்தத்துல போகுதுன்னு ஒரு சென்சார் பாத்து, எஞ்சினோட கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதுதான் வண்டிக்கு மூளை. இந்தச் சிப்பு நடுவுல உக்காந்துக்கிட்டு, "ஐயையோ, அழுத்தம் பத்தலையே"ன்னு மூளைகிட்டப் பொய் சொல்லும். அதுவும் நம்பி இன்னும் டீசலைத் தள்ளும். பந்தியில போதும் போதும்னு கையால மறிச்சாலும் எலையில ஊத்திக்கிட்டே இருப்பாங்கல்ல, அந்தக் கதைதான். டீசல் கூடுனா இழுப்பு கூடும். கூடவே சூடும் கூடும்.

சிப்பு வாரதுக்கு முந்தியும் இந்த வேலை நடந்துச்சு. என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னாடி வேற முதலாளிகிட்ட ஓட்டுன வண்டியில கம்ப்யூட்டர் ஏது? டீசல் பம்புல ஒரு திருகு இருக்கும், அதுக்கு சீல் வச்சிருப்பாங்க. முதலாளி சொல்லி சீலை உடைச்சுத் திருகை ஏத்தி விட்டாங்க. வண்டி மேட்டுல பறந்துச்சாம். பின்னால வந்தவனுக்கு ரோடு தெரியலையாம், அம்புட்டுக் கரும்புகை.

பொன்னமராவதி ரோட்டுல ஒரு பெரிய மனுசன் வெள்ளையும் சொள்ளையுமா டிவிஎஸ்ல பின்னாடி வந்திருக்கார். டீக்கடையில வண்டி நின்னதும் குறுக்க வந்து நிறுத்தி, "நான் பொண்ணு பாக்கப் போறேன்யா, என் சட்டைக்குப் பதில் சொல்லு"ன்னு மறிச்சுட்டார். என் வீட்டுக்காரர் தன் சட்டையைக் கழட்டிக் கொடுத்துட்டு பனியனோட லோடு கொண்டுபோனார். அந்தக் கல்யாணம் நடந்துச்சான்னு எனக்கு இன்னமும் தெரிஞ்சுக்க ஆசை. அந்த வண்டிக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு மட்டும் தெரியும். கொஞ்ச காலத்துலயே பிஸ்டன் ஓடுற சிலிண்டர் தேஞ்சு, எஞ்சினை எறக்கிட்டாங்க.

ஆக, சமாச்சாரம் பழசுதான். திருகு போய்ப் பெட்டி வந்திருக்கு.

கொஞ்ச நாள் ராணி

மாட்டுன அன்னைக்கு எனக்குத் தலைகால் புரியலை. முனகி முனகி ஏறுற மேட்டுல வண்டி அது பாட்டுக்குப் போகுது. மில்லு வாசல்ல முதல் ஆளாப் போய் நின்னேன். கேலி பண்ணவங்க பின்னாடியே வந்தாங்க. "வாங்கடா தம்பிகளா, வழியில செபமாலையா?"ன்னு கேட்டேன். அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கலை, அவ்வளவு சந்தோசம். அந்தோணியும் அவன் வண்டிக்கு ஒண்ணு மாட்டிக்கிட்டான், அதைப் பாத்து வாசல்ல மத்தவங்களும் மாட்டிக்கிட்டாங்க.

"லூர்துக்கா வண்டி இழுக்கும்"னு லோடுமேன்கள் இன்னும் கொஞ்சம் கட்டையைக் கூட ஏத்துனாங்க. நானும் சரின்னேன். சிப்பு செய்யுற கெடுதல்ல பாதி இதுதான்னு இப்பத் தோணுது. இழுக்குதுன்னு தெரிஞ்சதும் மனுசன் லோடைக் கூட்டுவான், காலு தன்னால அழுத்தும்.

எஞ்சின் சூட்டைக் காட்ட ஒரு முள்ளு இருக்கு. என் வண்டியில அது எங்க நிக்கும்னு எனக்கு அத்துப்படி. நடுவுக்கு ஒரு நூல் கீழ. இப்ப மேடு வந்தா நடுவைத் தாண்டி ஏறுது. வெயிலுன்னு நெனச்சேன். மழை நாள்லயும் ஏறுச்சு. ரேடியேட்டர்ல தண்ணி கொறையுது, எங்கயும் ஒழுகலைக் காணோம். புதுசா மாத்துன ஆயில் சீக்கிரமே மையா கறுத்துப்போச்சு. மேட்டுல கிளட்ச் கருகுற வாடை வேற.

"ஏங்க, நான் இதைக் கழட்டப்போறேன்"னு வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன்.

"வண்டி ஓடுதுல்ல லூர்து? மச்சான் சபையில வச்ச சீரு. சாமியார் மந்திரிச்சது வேற. கழட்டுனா அவன் மனசு நொந்துபோகும்."

"அவன் மனசு நொந்தா நான் போய்ச் சமாதானம் பண்ணுவேன். எஞ்சின் நொந்தா யார் கால்ல விழுறது?"

நானே ஒயரைக் கழட்டி, பழைய ஒயரைப் பழையபடி மாட்டினேன். சரி, பெட்டியை எங்க வைக்கிறது? மந்திரிச்ச பொருளைக் குப்பையில போட முடியுமா? மாதா படத்துக்குக் கீழ வச்சேன். கைப் பழக்கத்துல அதுக்கும் சேத்து மெழுகுதிரி ஏத்தினேன், என்னத்தைச் சொல்ல!

ஆறிப்போன காப்பி

அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தோணி வீட்டுக்கு வந்தான். மாதா படத்துக்கு முன்னாடி நின்னு கும்பிட்டான். கும்பிட்ட கை அப்படியே நின்னுச்சு.

"அக்கா, இது இங்க என்ன பண்ணுது?"

எல்லாத்தையும் சொன்னேன். முள்ளு, தண்ணி, ஆயில், ஒண்ணு விடலை. "நீயும் கழட்டிருடா தம்பி. நல்லதுக்குத்தான் சொல்றேன்"னேன்.

"என் வண்டி நல்லாத்தான் ஓடுது. ஒனக்கு வேகம்னா பயம்னு சொல்லிட்டுப் போ. நாலு பேர் பாக்க வச்ச சீரு. அந்தோணி சீரை அவன் அக்காவே கழட்டி வச்சிட்டான்னு ஊரு பேசாதா?"

"பேசட்டும். வண்டியை ஓட்டுறது நான். ஊரு ஓட்டலை."

அவன் எழுந்திருச்சான். ஊத்தி வச்ச காப்பி ஆறிப்போச்சு, அவன் தொடலை. அன்னைக்கோட பேச்சு நின்னுபோச்சு. கோயில்ல அங்கிட்டுப் பெஞ்சில உக்காருவான். ரோட்டுல ஏர் ஹாரன் அடிச்சு என்னை முந்திப் போவான், இங்கிட்டுத் திரும்ப மாட்டான். கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் வரலை. அழலைன்னு வெளியில சொல்லிக்கலாம். நான் அழுதேன்.

ஆனா பெட்டியைத் திரும்ப மாட்டலை. மறுபடியும் மில்லு வாசல்ல கடைசி வண்டி என்னுதுதான். வாசல்லயே சோறு பொங்கிச் சாப்பிட்டுக் கெடந்தோம். எங்க செம்மண் ரோட்டுத் தூசிக்கு ஏர் பில்டரைத் தட்டித் தட்டிச் சுத்தம் பண்ணி மாட்டுவேன். முள்ளு பழைய எடத்துக்கு வந்து நின்னுச்சு. கழட்டுன நேரம் நல்ல நேரம்னு மெக்கானிக் சொன்னார்.

மத்தவங்க வண்டி ஒண்ணொண்ணா ஒர்க்ஷாப்புக்குப் போச்சு. ஒருத்தனுக்கு டர்போ, ஒருத்தனுக்கு ஹெட் கேஸ்கட். எல்லாமே சிப்பாலதானான்னு கேட்டா நான் சத்தியம் பண்ண மாட்டேன். சிப்பு மாட்டியும் லோடைக் கொறச்சு, பதமா ஓட்டுறவங்க வண்டி இன்னமும் ஓடுது. ஆனா மாட்டிட்டுப் பதமா ஓட்டுறவன் எத்தனை பேரு? மாட்டுன வாரத்துலயே எஞ்சின் உடைஞ்சுட்டா ஒரு பய மாட்ட மாட்டான். இது ஆற அமர உடைக்கும், அதுதான் தொல்லை.

பிற்பாடு ஒர்க்ஷாப்புல அந்தோணி எஞ்சினை எறக்கினப்ப நானே பாத்தேன். ஒரு பிஸ்டன் தலையில என் சுண்டுவிரல் போற ஓட்டை. ஓரமெல்லாம் மெழுகு மாதிரி உருகியிருந்துச்சு. நான் சொன்னது பலிச்சுதேன்னு சந்தோசப்பட முடியலை.

கம்பிக்கு அங்கிட்டு

சரி, மேட்டுக்கு வாரேன். கம்பியை மாட்டி, பின்னைப் போட்டு, நான் முன்னால ஏறினேன். தம்பி அவன் வண்டியில ஏறினான்.

மெதுவாக் கிளட்சை விட்டேன். செத்த வண்டியைக் கட்டி இழுக்குறது கல்யாண வீட்டுல வர மாட்டேன்னு அடம்பிடிக்குற மாமனைக் கையைப் பிடிச்சு இழுக்குற மாதிரி. வெடுக்குன்னு இழுத்தா போச்சு. என் வண்டி ஒரு உறுமல் உறுமிட்டு நகர்ந்துச்சு. அப்பாடா!

"மச்சான் எப்படி இருக்கான்?"ன்னு வீட்டுக்காரர் கேட்டார். அவருக்குக் கண்ணாடியில ஒண்ணும் தெரியாது.

"ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கான். எஞ்சின் இல்லாம திருப்புறது அம்மிக்கல்லைத் திருப்புற மாதிரியில்ல இருக்கும்."

"பாத்துப் போம்மா."

"பாத்துத்தான் போறேன்."

அன்னவாசல்ல ஒரு புளியமரத்து நிழல்ல நிறுத்தினோம், கம்பியோட பின்னைச் சரிபாக்க. அந்தோணி எறங்கி வந்தான். என் வண்டிக் கதவோரமா நின்னு உள்ளுக்குள்ள எட்டிப் பாத்தான். என்னை இல்லை, முள்ளை. இவ்வளவு தூரம் ஒரு லாரியையே இழுத்துட்டு வந்திருக்கு. முள்ளு நடுவுக்கு ஒரு நூல் கீழ. என் சைலன்சரையும் பாத்தான், கரும்புகை இல்லை. நான் தண்ணி பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் குடிச்சிட்டு, பாட்டிலை சீட்டுல வச்சிட்டுப் போனான்.

ஊருக்கு முன்னாடி ரோடு ரெண்டாப் பிரியுது. இடப்பக்கம் போனா ஊரைச் சுத்திக்கிட்டு ஒர்க்ஷாப்புக்குப் போயிடலாம். நேரா போனா லாரி ஆபீஸு, டயர் கடை, டீக்கடைன்னு எங்க தொழில்காரங்க மொத்தப் பேரும் நிக்கிற தெரு. ஒளிக்காமச் சொல்றேன், எனக்கு நேராப் போகத்தான் ஆசை. பொம்பளை வண்டி பொம்பளை வண்டின்னு சொன்ன அத்தனை பேரும் பாக்கணும்னு நாக்கு ஊறுச்சு. ஆனா என் தம்பி தலை குனியுறதுக்கு என் வண்டியே கட்டி இழுத்துட்டுப் போறதா? போகுது போன்னு இடப்பக்கம் சிக்னல் போட்டேன்.

பின்னாலேர்ந்து ஹாரன். காத்து இல்லாததால ஏர் ஹாரன் இல்லை, பேட்டரியில அடிக்கிற சின்ன ஹாரன், கீச்சு கீச்சுனு. கண்ணாடியில பாத்தேன். அந்தோணி கையை வெளிய நீட்டி நேரா காட்டுறான்.

"என்ன?"ன்னார் வீட்டுக்காரர்.

"நேரா போகச் சொல்றான்."

"ஊருக்குள்ளயா?"

"ஆமாங்க."

அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். நான் சிக்னலை எடுத்துட்டு நேரா விட்டேன்.

தெருவுல ஒவ்வொருத்தரா எழுந்து நின்னு பாத்தாங்க. டீக்கடையிலேர்ந்து ஒருத்தன், "என்ன அந்தோணி, அக்கா கட்டி இழுக்குதா?"ன்னு கத்தினான். எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு. எறங்கிப் போய் நாலு வார்த்தை கேக்கலாம்னு பிரேக் மேல கால் போச்சு.

அதுக்குள்ள அந்தோணி தலையை வெளிய நீட்டிட்டான். தெரு முழுக்கக் கேக்குற மாதிரி கத்தினான். "ஆமாடா! எங்க அக்காதான் இழுக்குது! இன்னைக்கு வரைக்கும் எஞ்சின் மூடி தொறக்காத வண்டி! நல்லாப் பாத்துக்கங்கடா!"

எனக்கு ரோடு மங்கிப்போச்சு. துண்டால தொடச்சுக்கிட்டே, நிமிந்து உக்காந்து ஓட்டினேன். அந்தத் தெருவை அவ்வளவு மெதுவா நான் கடந்ததே இல்லை.

ஒர்க்ஷாப்புல கம்பியைக் கழட்டினாங்க. தம்பி நேரா என் வண்டிக் கதவுகிட்ட வந்தான். கையெல்லாம் கிரீஸ். இந்தத் தடவை என் மூஞ்சியைப் பாத்தான்.

"அக்கா, பசிக்குது"ன்னான்.

"ஏறுடா, வீட்டுக்குப் போவோம்"னேன்.